ஒரு பை நிறைய நீல அட்டைகள்

சிகரெட் அட்டை ஆடியவர்கள் நம்மில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறோம் என்று தெரியவில்லை. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஆண்கள் புகைத்துவிட்டு எறிந்த காலிப் பெட்டிகளைப் பொறுக்கி வந்து, ஓரங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, படம் போட்ட முன்பக்கத்தை மட்டும் அட்டையாக வைத்துக்கொள்வோம். தெருமண்ணில் ஒரு வட்டம் கிழிப்போம். வட்டத்துக்குள் ஆளுக்குச் சில அட்டைகளை வைக்க வேண்டும். தள்ளி நின்று தட்டைக்கல்லை வீச வேண்டும். கல் பட்டு எந்த அட்டை வட்டத்துக்கு வெளியே போகிறதோ அது வீசியவருக்கு. மற்ற தெருக்களில் அது பையன்கள் ஆட்டம். எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள்தான் அதிகம், அதனால் ஆட்டமும் எங்களுடையதாகிவிட்டது.

எங்கள் தெரு புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருந்தது. வாய்க்காலுக்குக் கிழக்கே கடற்கரை வரை பழைய பிரெஞ்சு வீடுகள். மஞ்சள் சுவர்களும் பெரிய மரக்கதவுகளுமாக எப்போதும் சாத்தியே கிடக்கும். இந்தப் பக்கம் நாங்கள். தெருவில் பாதிக்கு மேல் ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள். என் அப்பாவும் ஆலையில் தறி ஓட்டினார்.

எந்த அட்டைக்கு என்ன மதிப்பு என்று முடிவு செய்கிறவள் எதிர்வீட்டு அக்கா. எங்கள் எல்லோரையும்விட மூத்தவள். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தாள். அவள் போட்ட கணக்கு எனக்கு வெகுநாள் புரியவில்லை. எங்கள் தெரு ஆண்கள் அத்தனை பேரும் புகைத்த மலிவுச் சிகரெட்டின் அட்டையில் ஒரு சிவப்புக் குதிரை பாய்ந்துகொண்டிருக்கும். அவ்வளவு அழகான படம் வேறு எந்த அட்டையிலும் கிடையாது. ஆனால் அது சாக்கடை ஓரமெல்லாம் கிடந்தது. அதனால் அதற்கு மதிப்பு ஒன்று. பாங்கில் வேலை பார்த்த ஒருவர் மட்டும் புகைத்த தங்கக்கோட்டு அட்டை பார்க்க மொட்டையாக இருக்கும். அதற்கு நூறு.

எல்லாவற்றுக்கும் மேலே நீல அட்டை. தெருவிலேயே ஒன்றுதான் இருந்தது. அதற்கு அக்கா மதிப்பே போடவில்லை. "அதுக்குக் கணக்கு கெடயாது" என்று சொல்லிவிட்டாள்.

அந்த அட்டை சொல்தா வீட்டுப் பெண்ணிடம் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவளுடைய தாத்தா சைகோன் வரைக்கும் போய் வந்தவர், அவருக்குப் பிரான்சிலிருந்து மாதாமாதம் பென்ஷன் வரும். அவளுடைய அப்பா பிரான்சில் வேலையாக இருந்தார். அவர் லீவுக்கு வந்து போனபோது விட்டுச் சென்ற காலிப் பெட்டியிலிருந்து கிழித்த அட்டை அது. கருநீலம். நடுவில் சிறகு விரித்த வெள்ளைப் பறவை. கீழே பிரெஞ்சு எழுத்து. அவள் அதை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் பஞ்சின்மேல் வைத்திருந்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் அதை ஒருநாளும் வட்டத்துக்குள் வைத்ததில்லை. "நாளைக்கு வைக்கிறேன்" என்பாள். அந்த நாளைக்காக நாங்கள் எல்லோரும் அவள் பின்னால் நடந்தோம். முதல் கல் அவள்தான் வீசுவாள். குறி தவறினால் இன்னொரு தடவை வீசுவாள். கல் கோட்டில் விழுந்ததா வெளியே விழுந்ததா என்ற சண்டையில் அவள் சொன்னதுதான் தீர்ப்பு. ஒருத்தி அவளுக்கு நெல்லிக்காய் கொண்டு வருவாள், இன்னொருத்தி அவள் தலையை வாரிவிடுவாள். அம்மா எங்களுக்குச் சொன்ன கதைகளில் நாகரத்தினம் வரும். எந்தக் கதையிலும் அது ஒன்றே ஒன்றுதான், அது யாரிடம் இருக்கிறதோ அவன்தான் ராஜா. ஒரு கூடை நாகரத்தினம் வருகிற கதையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்படி ஒரு கதை இருந்தால் என்ன ஆகும் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

அந்த வருடம் ஆடி மாதத்தில் ஆலையை மூடிவிட்டார்கள். ஏதோ தகராறு, பேச்சுவார்த்தை என்றார்கள். ஆலைச் சங்கு ஊதாத காலைகள் விசித்திரமாக இருந்தன. அப்பாக்கள் எல்லோரும் பகலில் வீட்டில் இருந்தார்கள். வீட்டில் இருக்கப் பழகாதவர்கள். வாசலில் நிற்பார்கள், உள்ளே போவார்கள், மறுபடியும் வாசலுக்கு வருவார்கள். சிகரெட் பீடியாக மாறியது. குதிரை அட்டைகூடக் கிடைப்பது குறைந்தது. அக்கா அதன் மதிப்பை ஏற்றினாள்.

கொஞ்ச நாளில் என் அப்பாவுக்கு மட்டும் வேலை கிடைத்தது. எங்கள் ஊர் எல்லையில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் மேஸ்திரி வேலை என்றார். அம்மா குழாயடியில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தாள். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலையில் கிளம்புவார். மேட்டுப்பாளையம் எங்கள் தெருவுக்கு மேற்கே. அப்பா தினமும் தெருமுனையில் கிழக்கே திரும்பினார். பஸ் அங்கேதான் காலியாக வரும் என்று ஒருமுறை சொன்னதாக ஞாபகம். அவர் மேலிருந்த பஞ்சுத்தூசி வாடை போய் பினாயில் வாடை வந்திருந்தது. கம்பெனி என்றால் பினாயில் வாடை அடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாடு கம்பெனியிலேயே போடுகிறார்கள் என்று சொன்னதால் அம்மா சோறு கட்டவில்லை.

அந்த நாட்களில் ஒருநாள், சொல்தா வீட்டு முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது, திறந்திருந்த டப்பாவிலிருந்து நீல அட்டையை நான் எடுத்துப் பார்த்துவிட்டேன். பறவையின் சிறகை விரலால் தடவினேன். அவ்வளவுதான். அவள் ஓடி வந்து பிடுங்கினாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நான் தொட்ட இடத்தைத் தன் கவுன் ஓரத்தால் துடைத்தாள்.

"இவ இனிமே ஆட்டத்துல கெடயாது" என்றாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "அவ சொன்னா சொன்னதுதான். வெளிய நில்லு" என்றாள்.

மற்றவர்கள் ஆடுவதை நான் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்று பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். வீட்டில் சொல்லவில்லை. அப்பாதான் கவனித்தார்.

"இன்னாத்துக்கு அழுத?"

"நான் அழுவல."

"அழுவாததுக்கா மூக்கு இப்டி செவந்து கெடக்குது?"

சொன்னேன். பெரியவர்கள் சிரிப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"எந்த மாதிரி நீலம்?"

"கருநீலம். நடுவுல வெள்ளப் பறவ. கீழ பிரெஞ்சுல எழுதியிருக்கும்."

"அது ஒண்ணு உங்கிட்ட இருந்தா இன்னா ஆவும்?"

"யாரும் என்ன ஒண்ணும் சொல்ல முடியாது."

"அவ்ளோதானா?" என்றார் அப்பா.

அடுத்த வாரத்தில் ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர், சட்டைகூட மாற்றாமல் என்னைக் கூப்பிட்டு ஒரு மஞ்சள் பையை நீட்டினார். பை நிறைய நீல அட்டைகள். ஒன்றைக்கூட அவர் தாறுமாறாகக் கிழித்திருக்கவில்லை. ஓரம் வெட்டி, மடிப்பு நீக்கி, எதன் அடியிலோ வைத்து அழுத்தி, புதுச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கியிருந்தார். சாம்பல் வாடையும் அதற்குள் ஏதோ இனிப்பான புகையிலை வாடையும் வந்தது.

"ஏதுப்பா?"

"ஒரு சினேகிதன் குடுத்தான். இன்னும் வேணும்னாலும் சொல்லு, கெடைக்கும்."

அவர் முகத்தில் அந்த மாதங்களில் நான் பார்க்காத சந்தோஷம். ஒன்று கேட்ட மகளுக்குப் பை நிறையக் கொண்டு வந்திருக்கிறார். ஒன்று இருந்தால் ராஜா என்றால், இத்தனை இருந்தால் எப்படி என்று அவர் யோசித்திருக்க வேண்டும். நானும் அதையேதான் யோசித்தேன். பையிலிருந்து ஒரே ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று இத்தனை வயதில் தோன்றுகிறது. பத்து வயதில் யாருக்குத் தோன்றும்?

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தெருவுக்குப் போய் வட்டத்தின் நடுவில் பையைக் கவிழ்த்தேன்.

எல்லோரும் வட்டத்தை நெருங்கி வந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் அது எனக்கு இன்பமாக இருந்தது. பிறகு எதிர்வீட்டு அக்கா குனிந்து ஒன்றை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"எல்லாமே அசல்தான்" என்றாள். பிறகு குவியலைக் காலால் லேசாகத் தள்ளினாள். "இவ்ளோ கெடந்தா இதுக்கு இன்னாடி மதிப்பு? இனிமே நீலத்துக்கு ஒண்ணு."

சொல்தா வீட்டுப் பெண் டப்பாவைத் திறந்து தன் அட்டையைப் பார்த்தாள். கீழே கிடந்தவற்றைப் பார்த்தாள். பஞ்சின்மேல் இருந்தது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. அவள் உதடு கோணியது. டப்பாவை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

நான் ஜெயித்துவிட்டேனா தோற்றுவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. அட்டைகளைத் திரும்பவும் பையில் அள்ளிக்கொண்டிருந்தபோது அவளுடைய அம்மா வந்துவிட்டாள்.

அந்த அம்மா சாதாரணமாகத் தெருவில் இறங்கி நடக்கிறவள் இல்லை. நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். மகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். குழாயடியில் இருந்த பெண்கள் குடங்களை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள்.

"ஒங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வெளயாட வரும்போதெல்லாம் நான் ஒண்ணும் சொன்னதில்ல" என்று அம்மாவிடம் ஆரம்பித்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "எங்க வீட்டுக்காரரு அடுத்த லீவுக்குன்னு பீரோவுல பிரிக்காத சிகரெட்டு கட்டுக் கட்டா வச்சிட்டுப் போனாரு. கொஞ்ச நாளா கொறயுது. வேலக்காரிய சந்தேகப்பட்டு நிறுத்திட்டேன். இப்பத்தான் தெரியுது."

"எம்பொண்ணு அப்டிச் செய்யமாட்டா" என்றாள் அம்மா.

"அப்ப அந்தப் பையில இருக்கிறது ஏது? இந்த சிகரெட்டு இந்த ஊர்ல எந்தக் கடையிலயும் விக்கிறதில்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். "சொல்லுடி."

"அப்பா குடுத்தாரு."

"மில்லுல இருந்தவருக்கு யாரு குடுத்தாங்களாம்?" என்றாள் அந்த அம்மா. யாரோ சிரித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் அப்பா தெருமுனையில் திரும்பினார். கூட்டத்தைக் கண்டு வேகமாக நடந்து வந்தார். அம்மா நடந்ததைச் சொன்னாள். அவர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார். ஏதாவது ஒரு பொய் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அந்தச் சினேகிதனைப் பற்றி இங்கேயும் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்த அம்மா, "பொம்பளப் புள்ள. இந்த வயசுலயே கை நீளமா இருந்தா நாளைக்கு இன்னா ஆவும்னு யோசிச்சுப் பாருங்க" என்றாள்.

"எம்பொண்ணு திருடல" என்றார் அப்பா. "அது நான் பொறுக்குனது. வாய்க்காலுக்கு அந்தாண்ட ஒரு விடுதி இருக்குது. வெள்ளக்காரங்க வந்து தங்கறாங்க. அங்க கூட்டிப் பெருக்கற வேல எனக்கு. சாம்பக் கிண்ணம் கொட்றது, கக்கூசு கழுவறது எல்லாந்தான். அவங்க குடிச்சிட்டுப் போட்ட பொட்டிங்க அது. குப்பையிலேருந்து எடுத்தேன்."

"மேட்டுப்பாளையத்துல மேஸ்திரின்னு சொன்னாங்க?" என்றாள் அந்த அம்மா.

அப்பா அம்மாவின் பக்கம் பார்க்கவில்லை. "இல்ல. சந்தேகமா இருந்தா விடுதி நடத்தற வெள்ளக்கார மதாமக் கேட்டுப் பாருங்க" என்றார்.

கக்கூசு என்ற சொல் விழுந்ததும் கூட்டம் ஒரு அடி பின்னால் போனது போல எனக்குத் தோன்றியது. நிஜமாகவே போயிருக்கலாம். எங்கள் தெருவில் பட்டினி கிடந்த வீடுகள் அப்போது பல. ஆனால் அந்த வேலையை யாரும் செய்யவில்லை. என் கையில் இருந்த பையைப் பார்த்தேன். என் தோழிகளில் ஒருத்தி, அட்டையைத் தொட்ட விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

என் அப்பா என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நான் அப்போது நினைத்தது இதுதான்: இவர் ஏன் வாயைத் திறந்தார், என்னைத் திருடி என்றே சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே.

சொல்தா தாத்தா தன் வீட்டு வாசலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தூரம் அதிகமில்லை. அவர் எழுந்திருக்கவில்லை. ரொம்ப வருடங்களுக்குப் பிறகு, பிற்பாடு பிரான்சுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட அவருடைய பேத்தி ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. பேச்சு மட்டும் எங்கள் தெருப் பேச்சாகவே இருந்தது.

"பீரோவுலேருந்து சிகரெட்ட எடுத்தது தாத்தாதான்டி. சாயங்காலம் கடற்கரைக்குப் போவாரில்ல, அங்க பென்ஷன் வராத பழைய ஆளுங்க ரெண்டு மூணு பேரு. அவங்களுக்குக் குடுக்க. சாவறதுக்கு முந்தி எங்கிட்ட சொன்னாரு. அம்மா கிட்ட சொல்லாதன்னாரு."

"அன்னிக்கு ஏன் சொல்லலையாம்?"

"மருமவ கிட்ட கேட்டு வாங்கணுமான்னு வெக்கமா இருந்துச்சாம்."

ஆக, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரையும் வெட்கம்தான் கட்டிப் போட்டிருந்தது. அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை.

தெருவில் அது நடந்த பிறகு அவளுடைய அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. சில நாள் கழித்து ஒரு தட்டில் கேக் வைத்து மகளிடம் கொடுத்தனுப்பினாள். என் அம்மா வாங்கிக்கொண்டு, தட்டை வெறுமனே அனுப்பாமல் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். ஆட்டம் அதோடு செத்துவிட்டது. அக்கா தங்கக்கோட்டு அட்டையின் மதிப்பை உயர்த்திப் பார்த்தாள். இனிமேல் அதுதான் கணக்கில்லாதது என்றாள். ஒருத்தியும் நம்பவில்லை. எங்கேயோ ஒரு குப்பைத்தொட்டியில் அதுவும் பை பையாகக் கிடக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நீல அட்டைகளை அம்மா அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டாள். வழவழப்பான அட்டை, நன்றாகப் பிடித்துக்கொண்டது. தை பிறப்பதற்குள் ஆலையைத் திறந்தார்கள். அப்பா தறிக்குத் திரும்பினார், அங்கேயே ஓய்வு பெற்றார். விடுதியில் வேலை பார்த்ததைப் பற்றி எங்கள் வீட்டில் பிறகு யாரும் பேசியதில்லை. அப்பா இறந்து பல வருடங்கள் ஆகின்றன.

ஆனால் எனக்கு உறுத்துவது தெருவில் நடந்ததல்ல. அது கூட்டத்தின் நடுவில் நடந்தது, கூட்டத்தோடு போய்விட்டது. உறுத்துவது அதற்கு அடுத்த நாள்.

அன்று இரவு சாப்பிடும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மத்தியானம் இன்னா சாப்புடுவ?"

"மதாம் ரொட்டி குடுக்கும்."

"தெனமுமா?"

அப்பா தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தார். காலையில் அம்மா வழக்கத்தைவிடச் சீக்கிரம் உலை வைத்தாள். எனக்கு அன்று பள்ளி விடுமுறை. பதினொரு மணிக்குமேல் தூக்குச்சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்து என் கையில் கொடுத்தாள். "சூடா இருக்கும்போதே அப்பாவுக்குக் குடுத்துட்டு வா."

வாய்க்கால் பாலத்தைத் தாண்டினேன். அந்தப் பக்கத் தெருக்களில் யாரும் இல்லை. காகிதப்பூக் கொடிகள் மதில் மேலிருந்து தொங்கின. விடுதியின் பெரிய கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே போகப் பிடிக்காமல் எதிர்ப்பக்கச் சுவரோரம் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அப்பா வெளியே வந்தார். காக்கி அரைக்கால் சட்டை போட்டிருந்தார். அவரை நான் அதுவரை அரைக்கால் சட்டையில் பார்த்ததில்லை. முழங்காலுக்குக் கீழே கால்கள் வெளுத்து, ஒல்லியாக, வேறு யாருடையதோ போல இருந்தன. கையில் நீளமான துடைப்பம். வாசல் படிகளைப் பெருக்க ஆரம்பித்தார். என்னை இன்னும் பார்க்கவில்லை.

அப்போது தெருமுனையில் பேச்சுச் சத்தம் கேட்டது. பக்கத்திலிருந்த பிரெஞ்சுப் பள்ளிக்கு அன்று விடுமுறை இல்லை, மத்தியானத்துக்கு விட்டிருந்தார்கள். பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். அவர்களில் யாரையும் எனக்குத் தெரியாது. யாருக்கும் என்னையும் தெரியாது. இருந்தும் நான் தூக்குச்சட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கமாகத் திரும்பி, காரை பெயர்ந்த இடத்தை உற்றுப் பார்க்கிறவள்போல நின்றேன். அவர்கள் சத்தம் தேய்ந்து மறைகிறவரை திரும்பவில்லை.

திரும்பியபோது அப்பா படியில் துடைப்பத்தை ஊன்றியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு, என்னிடம் வந்தார். கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு தூக்கை வாங்கினார்.

"அம்மா குடுத்துச்சா?"

"ம்."

"இன்னா கொழம்பு?"

"கருவாடு."

தலையசைத்தார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடினார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், தெருவின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வெயிலா இருக்குது பாப்பா. நாளையிலேருந்து நீ வராத. நானே கெளம்பறப்ப எடுத்துக்கினு வந்துட்றேன்."

அது ஐப்பசி மாதம். காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தூக்குச்சட்டியின் மூடிமேல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

"சரிப்பா" என்றேன்.